பாதி மொட்டைக்கு முழு விலை

போன மாதம் சென்னைப் போக்குவரத்தைப் பற்றிப் புலம்பும்போது, போகிற போக்கில் ஒரு வரி எழுதித் தொலைத்தேன். 'ஆபீசுக்குப் போகிற காரில் செமி ஸ்லிக் டயர் மாட்டுவது, ஓட்டப் பந்தய ஸ்பைக்ஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு மொசைக் தரையில் நடப்பது மாதிரி' என்று. அவ்வளவுதான் சார். அரசியல்வாதிகளைத் திட்டினால்கூட இத்தனை கடிதம் வராது. 'உனக்குக் கார் ஓட்டத் தெரியுமா?' என்பதில் ஆரம்பித்து, 'உங்கள் தலைமுறைக்கு வேகம் என்றாலே பயம்' என்பது வரை விதவிதமான அர்ச்சனை. நடுவில் ஒரே ஒரு நல்ல கடிதம். கோயம்புத்தூர் இன்ஜினீயரிங் மாணவர் ஒருவர், இரண்டு பக்கம், கிராஃப் பேப்பரில் படமெல்லாம் போட்டு, மரியாதையாகச் சண்டை பிடித்திருந்தார். இந்த வாரம் அவருக்காக. மற்றவர்களும் ஒட்டுக்கேட்கலாம்.

முதலில், எதைப் பற்றி இவ்வளவு கூச்சல் என்று தெரியாத நல்ல ஆத்மாக்களுக்கு. கார் பந்தயத்தில் ஓடும் டயரில் பட்டனே இருக்காது. அதாவது கோடு, பள்ளம் எதுவும் இல்லாமல் வழவழவென்று மொட்டையாக இருக்கும். அது ஸ்லிக். காய்ந்த தரையில் ரப்பர் எவ்வளவுக்கு எவ்வளவு தரையோடு ஒட்டுகிறதோ அவ்வளவு பிடிப்பு. நடுவில் பள்ளம் வெட்டினால் அந்த இடம் வேஸ்ட். ஆனால், மொட்டை டயரைச் சாலையில் ஓட்டச் சட்டம் விடாது. அதனால் பந்தய ரப்பரிலேயே பேருக்கு நாலு கோடு கீறி, 'சாலைக்கும் ஆகும்' என்று முத்திரை குத்தி விற்கிறார்கள். அதுதான் செமி ஸ்லிக். மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் கப் 2, டோயோ ஆர்888ஆர், யோகோஹாமா அட்வான் ஏ052, நான்காங் ஏஆர்-1 என்றெல்லாம் பெயர். சனிக்கிழமை வீட்டிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு டிராக்குக்குப் போய், ஆசை தீரச் சுற்றிவிட்டு, அதே டயரில் வீடு திரும்ப வேண்டும் என்கிற ஐரோப்பிய, ஜப்பானிய ஆசாமிகளுக்காகப் பிறந்தது.

இன்னொன்று பெர்ஃபார்மன்ஸ் ரோடு டயர். இதே மிஷ்லினில் பைலட் ஸ்போர்ட் 4எஸ் மாதிரி. இதுவும் வேகத்துக்குத்தான், ஆனால், முழுக்க முழுக்கச் சாலைக்காக. டயரைச் சுற்றி ஓடும் அகலமான நீள்பள்ளங்கள், ஈரத்திலும் பிடிக்கிற மாதிரி சிலிக்கா கலந்த ரப்பர். டயரைக் கறுப்பாக்குகிற கார்பன் தூளுக்குப் பதிலாக, பாதிக்குப் பாதி சிலிக்காவைச் சேர்த்தால் உருளும்போது இழுவையும் குறையும், மழையில் பிடிப்பும் கூடும் என்பது 1990களின் தொடக்கத்தில் பெரிய கண்டுபிடிப்பு. இன்றைக்கு நல்ல சாலை டயர்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

இப்போது என் அக்கா மகன் கதை.

ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை, விடிகாலை வாசலில் ஹாரன். "மாமா, வாங்க ஒரு ரவுண்டு போலாம். டயர் மாத்தியிருக்கேன்."

குனிந்து பார்த்தேன். "ஏன்டா, செகண்ட் ஹாண்டா?"

பையன் முகம் சுண்டிப்போய்விட்டது. "மாமா, இது செமி ஸ்லிக். ஒண்ணு இருபத்தெட்டாயிரம். தெரிஞ்சவர் மூலமா வரவழைச்சேன்."

இந்தத் 'தெரிஞ்சவர்' நம் நாட்டின் நிரந்தர இறக்குமதியாளர். 2020 ஜூனில் மத்திய அரசு கார் டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. கார் டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று 2009-லேயே ஆணை. அவன் டயரைச் சுற்றிச் சுற்றி வந்தும் முத்திரை கண்ணில் படவில்லை. சரி, விடியற்காலையில் பையன் மனசை நோகடிப்பானேன் என்று ஏறி உட்கார்ந்தேன்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலை காய்ந்து கிடந்தது. ஆளில்லை. கோவளம் தாண்டி ஒரு வளைவில் திருப்பினான் பாருங்கள், கார் தரையை நகத்தால் பிறாண்டிப் பிடித்த மாதிரி திரும்பியது. பிரேக் அடித்தால் சீட் பெல்ட் மார்பை அறுத்தது. சத்தம் மட்டும் மாவு மில்லுக்குள் உட்கார்ந்த மாதிரி. "எப்படி மாமா?" என்றான். "பிரமாதம்" என்றேன். பொய்யில்லை.

அக்டோபரில் மறுபடி அதே சாலை, அதே கார். மகாபலிபுரத்தில் ஒரு கல்யாணம். பின்சீட்டில் அக்கா, பட்டுப்புடவை, மடியில் சீர் தட்டு. திரும்பும்போது மழை. பேய்மழை எல்லாம் இல்லை. பத்து நிமிடம் பெய்து சாலையின் இடது ஓரத்தில் தண்ணீர் கட்டியிருந்தது. நான் ஸ்பீடாமீட்டரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எண்பது. முன்னால் போன வேன் லேசாக ஒதுங்க, இவனும் ஒதுங்கினான். அந்தத் தண்ணீருக்குள் இறங்கியதும் ஸ்டீயரிங் லேசாகிவிட்டது. நான் சொல்லவில்லை, அவன் சொன்னான், "மாமா, ஸ்டீயரிங்ல ஒண்ணுமே இல்ல" என்று. அதற்குள் வண்டி அவசரமே இல்லாமல், சினிமாவில் ஸ்லோ மோஷன் காட்டுவார்களே அப்படி, அரைவட்டம் திரும்பி, தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி நின்றது. பின்புற பம்பருக்கும் ஓர் இளநீர் வண்டிக்கும் நடுவே ஒரு முழம். வண்டிக்குப் பின்னால் ஒரு பெரியவர், ஒரு கையில் அரிவாள், ஒரு கையில் பாதி சீவிய இளநீர். அவர் அசையக்கூட இல்லை. நேரமில்லை.

அக்காவுக்குப் பேச்சு வரவில்லை. சீர் தட்டு என் பின்னந்தலையில் பட்டிருந்தது. பெரியவர் இளநீரைக் கீழே வைத்துவிட்டு, டயரைப் பார்த்தார்.

"மொட்டை டயரைப் போட்டுக்கிட்டு மழையில வர்றியே தம்பி. அம்மாவை வேற ஏத்திக்கிட்டு."

"அண்ணே, இது புது டயர்."

"புதுசா? யாரு ஒங்கிட்ட வித்தது?"

இரண்டு பக்கக் கடிதம் எழுதிய தம்பி, இந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு உங்கள் கிராஃபில் பதில் இல்லை. ஆனால், கணக்கு இருக்கிறது, சொல்கிறேன். 1963-ல் அமெரிக்காவின் நாசாவில் வால்டர் ஹார்ன், ராபர்ட் டிரெஹெர் என்று இருவர், விமானம் ஈர ரன்வேயில் இறங்கும்போது சக்கரம் ஏன் தண்ணீர்மேல் மிதக்கிறது என்று ஆராய்ந்து ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். ரொம்ப சிம்பிள். டயரில் உள்ள காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால், எத்தனை நாட் வேகத்தில் டயர் முழுசாக மிதக்கும் என்று வந்துவிடும். காற்று 32 பி.எஸ்.ஐ. என்றால், சுமார் 51 நாட், அதாவது மணிக்கு 94 கிலோமீட்டர். இது எப்போது? டயரின் பள்ளங்களால் வெளியே தள்ள முடியாத அளவு தண்ணீர் இருக்கும்போது. பள்ளம் ஆழமாக, அகலமாக இருந்தால் தண்ணீர் அதில் புகுந்து வெளியேறும். டயர் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். பள்ளமே குறைவென்றால், கொஞ்சம் தண்ணீரே போதும், சூத்திரம் பலித்துவிடும்.

சரி, இவன் எண்பதில்தானே போனான்? அங்கேதான் வேடிக்கை. பஞ்சர் கடையில் காற்று பார்த்தபோது 26 இருந்தது. "டிராக்ல அப்படித்தான் மாமா வெப்பாங்க. ஓட ஓடச் சூடாகி ஏறிடும்." டிராக்கில் ஏறும். கல்யாண வீட்டிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரும்போது எங்கே ஏறுவது? 26-க்குச் சூத்திரத்தைப் போட்டால் 85 கிலோமீட்டர். எண்பதில் போனவன் முக்கால்வாசி மிதந்துகொண்டிருந்தான் என்று அர்த்தம். முழுதாக மிதப்பதற்கு முன்னாலேயே டயரின் முன்பாதி தூக்கிக்கொள்ளும். ஸ்டீயரிங்கில் ஒண்ணுமே இல்லை என்றானே, அது அதுதான்.

புது சாலை டயரில் பள்ளம் ஏழெட்டு மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். செமி ஸ்லிக்கில் ஐந்து, ஐந்தரை. எண்ணிக்கையும் குறைவு, ஓரங்கள் சுத்த மொட்டை. நம் மோட்டார் வாகன விதிப்படி காருக்கு 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் ஓட்டக்கூடாது. ஆகவே, புதிதாக வாங்கும்போதே ஏறக்குறைய பாதி தேய்ந்த டயரைத்தான் வாங்குகிறீர்கள், அதுவும் இரட்டிப்பு விலைக்கு. பாதி மொட்டைக்கு முழு விலை. இளநீர்க்காரரின் கண் சரியாகத்தான் அளந்திருக்கிறது.

'பிடிப்பு அதிகம் என்றால் பாதுகாப்பு அதிகம்தானே?' இதுதான் கடிதங்களில் முக்கால்வாசியின் சாரம். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால், எப்போது பிடிப்பு அதிகம் என்று கேளுங்கள். காய்ந்த தரையில், சூடேறிய பிறகு. சாலையில் நாம் செத்துப்போவது பெரும்பாலும் வளைவில் பிடிப்பு போதாமல் அல்ல. எண்பதில் போகும்போது ஒரு வினாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறோம். குறுக்கே மாடு வந்ததைக் கண் பார்த்து, மூளைக்குச் சொல்லி, கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த 22 மீட்டர் போய்விட்டது. செல்போனில் பேசிக்கொண்டிருந்தால் 44. அந்தத் தூரத்தில் உலகத்தின் எந்த டயரும் வேலையே ஆரம்பிக்கவில்லை. காய்ந்த சாலையில் நாம் ஒழுங்காக ஓட்டும்போது சாதாரண டயரின் சக்தியிலேயே சின்னப் பங்கைத்தான் தொடுகிறோம். குறைச்சல் வருவது மழையில். நீங்கள் எக்ஸ்ட்ரா பணம் கொடுத்து வாங்கியது, ஏற்கெனவே மிச்சமிருந்த இடத்தில் இன்னும் மிச்சம். பற்றாக்குறை இருந்த இடத்தில் இன்னும் பற்றாக்குறை.

பந்தயக்காரர்களே என்ன செய்கிறார்கள் பாருங்கள். ஃபார்முலா ஒன்னில் மழைத் தூறல் விழுந்ததும், உலகத்திலேயே சிறந்த டிரைவர்களும் பிட்டுக்குள் ஓடிவந்து டயர் மாற்றிக்கொள்கிறார்கள். முழு மழை டயர், 300 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு 85 லிட்டர் தண்ணீரை வெளியேற்றும் என்று பிரெல்லி கம்பெனி சொல்லியிருக்கிறது. பள்ளம் பள்ளமாக, டிராக்டர் டயர் மாதிரி இருக்கும். அவர்களுக்கே ஸ்லிக்கில் ஈரத்தில் ஓட்ட வராது. மூன்று வினாடிக்குள் நாலு டயரையும் கழற்றி மாட்ட அவர்களுக்கு ஆள் இருக்கிறது. அண்ணன் உங்களுக்குப் பிட் எங்கே இருக்கிறது? மடிப்பாக்கத்திலா?

பந்தயம் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்த ஒரே பந்தயம், டயரால் நடந்தது. 2005 ஜூன் 19, அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில், பதின்மூன்றாவது திருப்பத்தில் ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டா, டயர் போய்ச் சுவரில் மோதியது. ஓவல் டிராக்கின் சாய்வான திருப்பம் அது. முழு வேகத்தில், பாரமெல்லாம் ஒரு பக்க டயரில் இறங்கும். மிஷ்லின் இன்ஜினீயர்கள் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, 'இந்த டயரில் இந்தத் திருப்பத்தை நீங்கள் ஓட்டினால் நாங்கள் பொறுப்பில்லை' என்று தங்கள் அணிகளிடமே சொல்லிவிட்டார்கள். திருப்பத்துக்கு முன் வேகத்தைக் குறைக்க ஒரு நெளிவு போடுங்கள் என்று கேட்டதற்குச் சம்மேளனம் மறுத்தது. ஞாயிற்றுக்கிழமை, இருபது கார்கள் அணிவகுப்புச் சுற்று வந்தன. பதினாலு கார்கள் நேரே பிட்டுக்குள் போய் நின்றுகொண்டன. மிச்சம், பிரிட்ஜ்ஸ்டோன் மாட்டிய ஆறு. ஜனங்கள் கத்தினார்கள், தண்ணீர் பாட்டிலை வீசினார்கள். நாராயண் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் எடுத்தார். டிக்கெட் பணத்தை மிஷ்லின் பின்னால் திருப்பிக் கொடுத்தது.

அன்றைக்கு மிஷ்லினை உலகமே கேலி செய்தது. எனக்கு அந்தப் பதினாலு கார்கள் மேல் ஒரு தனி மரியாதை. டயர் கெட்ட டயர் இல்லை. அந்த வருடம் அதே கம்பெனி டயரில்தான் ரெனோ உலக சாம்பியன் ஆனது. அந்தத் திருப்பத்துக்கு அது ஆகாது, அவ்வளவுதான். கோடிக்கணக்கில் பணம் போகும் என்று தெரிந்தும், 'இந்த இடத்துக்கு இந்த டயர் இல்லை' என்று ஒரு கம்பெனி சொன்னது. நம் ஆட்கள் வேளச்சேரி ஏரிக்கரையில் மழைத்தண்ணீருக்குள் செமி ஸ்லிக்கோடு இறங்குகிறார்கள்.

'சார், நம்ம ஊர் வெயிலுக்கு செமி ஸ்லிக்தான் கரெக்ட்' என்று ஒருவர். இதில் பாதி உண்மை இருப்பதால் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். இந்த ரப்பர் சூடேறினால்தான் ஒட்டும். மே மாதத் தார்ச்சாலையில் செருப்பில்லாமல் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், சூட்டுக்குக் குறைவில்லை. லண்டனில் ஜனவரி மாதம் இந்த டயர் மாட்டுகிறவரைவிட நம் ஆள் புத்திசாலிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால், டயர் உள்ளே சூடாவது வெயிலால் அல்ல. நசுங்கி நசுங்கி விரிவதால். டிராக்கில் பிரேக்கும் வளைவுமாக இரண்டு சுற்று அடித்தால் எழுபது எண்பது டிகிரிக்குப் போகும். அண்ணா சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் ஊர்ந்தால் நசுங்குவது உங்கள் பொறுமை மட்டும்தான். அதைவிட முக்கியம், உங்களுக்குப் பிடிப்பு அவசரமாகத் தேவைப்படுகிற நேரம் எது? மழை. மழைத்தண்ணீர் என்ன செய்யும்? டயரைக் குளிர வைக்கும். தேவைப்படாதபோது சூடாகவும், தேவைப்படும்போது ஜில்லென்றும் இருப்பதற்கு இருபத்தெட்டாயிரமா? நம் ஊர் வெயிலைப் பேசுகிறவர்கள், வருஷத்துக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழையும் இதே ஊரில்தான் பெய்கிறது, அதில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். 2015 டிசம்பரை மறந்தவர்கள் சென்னையில் இருக்கிறார்களா என்ன?

அந்த ரப்பருக்கு இன்னொரு குணம். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கெட்டியாகும். பட்டன் மிச்சம் இருக்கும், பிடிப்பு போயிருக்கும். பார்த்தால் தெரியாது.

அடுத்து, நம்பர் பைத்தியம். டயரின் பக்கவாட்டில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் பார்த்திருப்பீர்கள். ஆர்888ஆர் என்றால் 100, கப் 2 என்றால் 180, ஏ052-க்கு 200, பைலட் ஸ்போர்ட் 4எஸ்-க்கு 300. எண் பெரிதானால் டயர் நாளாகத் தேயும் என்று கணக்கு. அமெரிக்க அரசாங்க ஏற்பாடு. டெக்ஸாஸில் 400 மைல் சுற்று ஒன்றில், ஒப்பீட்டு டயரோடு சேர்த்து 7,200 மைல் ஓட்டித் தேய்மானம் பார்ப்பார்கள். ஓட்டிப் பார்த்து எண் போட்டுக்கொள்வது யார்? கம்பெனிக்காரரேதான். பரீட்சை எழுதியவனே பேப்பர் திருத்துகிற மாதிரி. ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா என்ற அமைப்பு, மைதானத்தில் கூம்பு வைத்து ஓட்டும் ஆட்டோகிராஸ் போட்டியில், சாலைக் கார் பிரிவுக்கு 200-க்குக் குறைந்த டயர் கூடாது என்று விதி வைத்தது. உடனே என்ன ஆச்சு? பந்தய டயர் மாதிரியே ஒட்டுகிற, ஆனால் பக்கவாட்டில் பளிச்சென்று 200 என்று எழுதிய டயர்கள் வரிசைகட்டி வந்தன. இந்த 200-ஐக் காட்டி, 'சார், இது சாலை டயர்தான், பாருங்க எழுதியிருக்கு' என்று ஒருவர் எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். எழுதியிருக்கிறது. ஆட்டோவில் 'பிரசவத்துக்கு இலவசம்' என்றும்தான் எழுதியிருக்கிறது.

'போர்ஷே கம்பெனியே ஃபாக்டரியிலிருந்து கப் 2 மாட்டி அனுப்புகிறதே?' அனுப்புகிறது, 911 ஜிடி3-க்கு. கூடவே, பள்ளத்தின் ஆழம் குறைவு, ஈரச் சாலையில் மிதக்கும் அபாயம் அதிகம் என்று எச்சரிக்கையும் அனுப்புகிறது. அந்தக் கார் வாங்குகிறவர் வீட்டில் மழைக்கு வேறு கார் நிற்கும். உங்கள் வீட்டில் அதே கார்தான் ஆபீசுக்கும், ஸ்கூலுக்கும், திருப்பதிக்கும்.

நான் செமி ஸ்லிக்கின் எதிரி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த மூட்டை வரும். சின்ன வயதில் சித்தப்பா சைக்கிளில் டபுள்ஸ் அடித்துச் சோழவரம் பந்தயத்துக்குக் கூட்டிப் போவார். யுத்த காலத்து விமான ஓடுபாதை. அந்தப் பெட்ரோல் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் நல்ல டிராக் இருக்கிறது. அங்கே போய் ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள். சாலை பெர்ஃபார்மன்ஸ் டயரை டிராக்கில் போட்டு அடித்தால் ஏழெட்டுச் சுற்றில் அது அழ ஆரம்பிக்கும். ஆழமான பட்டன்கள் வளைவில் நெளியும், அந்த நெளிவே சூடாகும், ஓரத்தில் ரப்பர் துண்டு துண்டாகப் பிய்யும். முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டிய டயர், ஒரு சாயங்காலத்தில் காலி. அங்கே செமி ஸ்லிக்தான் சரி. சுற்றுக்குச் சுற்று ஒரே மாதிரி நிற்கும். அடிக்கடி டிராக்குக்குப் போகிறவர் என்றால் அதை ஒரு தனி ரிம் செட்டில் மாட்டி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். டிராக்குக்கு எடுத்துப்போய் அங்கே மாட்டி, ஓட்டி, கழற்றிவிட்டு வாருங்கள். ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஒரு மணி நேரம், கொஞ்சம் வியர்வை. இதற்குச் சோம்பல்பட்டுத்தான் பாதிப் பேர் அதையே வருஷம் பூராவும் ஓட்டுகிறார்கள். மீதிப் பாதி டிராக்குக்கே போனதில்லை. அவர்களுக்கு அது டயர் இல்லை, நகை.

டிராக் மட்டும் போதாது, எண்ணெய்க் கணக்கும் இருக்கிறது. சாதாரணக் காரில் இந்தப் பிடிப்போடு நீண்ட வளைவில் அழுத்தினால் இன்ஜின் எண்ணெய் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப்புக்கு எட்டாமல் போகலாம். வீல் பேரிங், பால் ஜாயின்ட் எல்லாம் அளவுக்கு மீறிப் பாரம் சுமக்கும். அந்தக் கதை இன்னொரு நாள்.

'என் கார், என் காசு, உனக்கென்ன?' இது கடைசிக் கடிதம். ஒரே வரி, கையெழுத்தில்லை. எனக்கு ஒன்றுமில்லை ஐயா. இளநீர்க்காரருக்கு இருக்கிறது. அவர் உங்கள் டயரைத் தேர்ந்தெடுக்கவில்லை, அவருக்கு அதில் ஒரு பைசா ஓட்டுரிமை இல்லை. ஆனால், உங்கள் டயர் விட்ட இடத்தில் அவர்தான் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்குள் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். பொதுச் சாலையில் நாலு டயரும் தரையைத் தொடுவது ஒவ்வொன்றும் ஓர் உள்ளங்கை அளவு. அந்த நாலு உள்ளங்கை அளவை நம்பித்தான் பிளாட்ஃபாரத்தில் ஜனம் நிற்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'நம்மிடம் செமி ஸ்லிக் இல்லை, நாம் யோக்கியன்' என்று காலை நீட்டி உட்கார்ந்தவர்கள் ஒரு நிமிடம் எழுந்து போய் உங்கள் காரைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2318 என்றால், 2018-ம் வருஷம் இருபத்துமூன்றாவது வாரம் செய்தது. 2013 நவம்பரில் ஹாலிவுட் நடிகர் பால் வாக்கர் நண்பரோடு போர்ஷே கரேரா ஜிடியில் போய் மோதி இறந்தாரே, போலீஸ் விசாரணையில் அளவுக்கு மீறிய வேகத்தோடு சேர்த்து என்ன வந்தது தெரியுமா? ஒன்பது வருஷப் பழைய டயர். அருமையான கார், உயர்ந்த டயர், வயசாகிப்போன ரப்பர். ஸ்டெப்னியையும் பாருங்கள். முக்கால்வாசிப் பேருடைய ஸ்டெப்னி அவர்கள் மூத்த பையனைவிட ஒன்றிரண்டு வயசுதான் சின்னது.

நடு பள்ளத்துக்குள் சின்ன மேடு ஒன்று குறுக்கே ஓடும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் கதை முடிந்தது, மாற்றுங்கள். மழைக்காலத்துக்கு முன்னால் என்றால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். காற்றை, காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது பார்க்கணும். கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் என்ன போட்டிருக்கிறதோ அது. பஞ்சர் கடைப் பையன் 'முப்பத்தஞ்சு வெச்சுரட்டுமா சார்?' என்று ரவுண்டாகக் கேட்பான், தலையாட்டிவிடாதீர்கள். பெர்ஃபார்மன்ஸ் டயர்தான் வேண்டும் என்று பணமிருந்தால் வாங்குங்கள், தப்பில்லை. பக்கச் சுவர் குட்டையாக உள்ள சைஸுக்குப் போகாதீர்கள். நம் ஊர்ப் பள்ளத்தில் ரிம் வளைந்துவிடும். அதுவும் வேண்டாம் என்றால், நல்ல சாதாரண டயர், சரியான காற்று, ஒழுங்கான அலைன்மென்ட். எண்பதில் போக இது தாராளம்.

அக்கா மகன் இப்போது ஒழுங்கான சாலை டயர் போட்டிருக்கிறான். அன்றைக்கு அந்தப் பெரியவர் வெட்டிக்கொடுத்த இளநீரை மூன்று பேரும் நின்றபடி குடித்துவிட்டு, நூறு ரூபாய் கொடுத்து மிச்சம் வேண்டாம் என்றோம். அவர் எண்ணி மிச்சம் கொடுத்தார். கழற்றிய நாலு செமி ஸ்லிக்கும் தனி ரிம் ஆர்டர் பண்ணி இன்னும் வராததால், அக்கா வீட்டு பால்கனியில் வெறும் டயராக அடுக்கியிருக்கின்றன. போன வாரம் கொசு ஒழிப்புக்காக மாநகராட்சி ஆட்கள் வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே தேங்கிய தண்ணீரில் புழு நெளிகிறது என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அக்கா போன் பண்ணினாள்.

"ஏன்டா, இதுல மண்ணு போட்டு நாலு ரோஜாச் செடி வெக்கலாமா?"

"அவனைக் கேட்டுட்டு வை அக்கா. ஒண்ணு இருபத்தெட்டாயிரம்."